பெயர் சொல்லாத ஜெபம்

நன்றாக ஜெபம் பண்ணுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நானே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது.

திருகோணமலையில் எங்கள் லுத்தரன் சபை மிகவும் சிறியது. மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகு வந்து நிற்கும் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் தகரக்கூரை போட்ட ஒரு மண்டபம். அதுதான் எங்கள் கோயில். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் இருக்க இடம் போதாது. யார் வீட்டில் என்ன கறி என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாற்பது பேருக்குள் பெயரெடுப்பது பெரிய காரியமில்லை. எனக்குக் குரல் இருந்தது. வசனங்கள் நாவில் நின்றன. துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர் வேலையும், அதற்குப் போட்டுப் போக நாலு வெள்ளைச் சட்டையும் இருந்தன. இருபத்தேழு வயதில் இவ்வளவும் வாய்த்தவனுக்குத் தலைகால் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

சுதந்திரம் கிடைத்து இருபது வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போய், துறைமுகம் பாதி தூங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் போதகர் மலைநாட்டில் இருந்தார். அங்கேயும் சபைகளைப் பார்த்துக்கொண்டு, மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் எங்களிடம் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை யார் நடத்துவது, நோயாளிகளை யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. சபையாரே செய்ய வேண்டும், அதற்கு அவர்களைப் பழக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அப்படித்தான் ஊழியப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அவர் வருகிற வாரங்களில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி நேரம் நடக்கும்.

முதல் வகுப்பில் ஏழு பேர், எல்லோரும் ஆண்கள். அடுத்த வகுப்பில் பெண்களையும் சேர்ப்பேன் என்று போதகர் சொல்லியிருந்தார். சேருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஞாயிறு ஆராதனையில், சபைக்கு முன்னால் நின்று, அவர் அந்த இடத்திலேயே திறந்து காட்டுகிற வேதப் பகுதியை வாசிக்க வேண்டும். நான் வாசித்தபோது என் குரலைக் கேட்டுத் திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி பேசுகிறாராக்கும் என்று நினைத்ததாக ஒருவர் பகிடி பண்ணினார். அந்தப் பகிடி எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

வகுப்பில் போதகர் பெரிய தத்துவங்கள் பேசவில்லை. ஒரு வீட்டைச் சந்திக்கப் போகிறவன் எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். செருப்பை வெளியே விடு. இருக்கச் சொன்ன பிறகு இரு. கேள்வி கேளாதே, சொல்லுவதைக் கேள். தருகிற தேத்தண்ணியைக் குடி. அரை மணிக்கு மேல் நில்லாதே. பிறகு, ஆராதனையில் சபைக்காக ஜெபிக்கும்போது, கேட்டுக்கொள்ளாத ஒருவருடைய பெயரைச் சொல்லாதே. இதைக் கரும்பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். நான் கொப்பியில் எழுதி மூன்று கோடு போட்டேன். வேதத்தின் பத்துக் கட்டளைகளையும் அவற்றின் விளக்கங்களையும் பிழையில்லாமல் ஒப்புவித்தவனும் நானே. அயலாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அந்த விளக்கங்களுக்குள் வருகிறது.

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை கிடைக்கும். போதகருடைய கையெழுத்தும் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டருடைய கையெழுத்தும் அதில் இருக்கும். நோயாளரைப் பார்க்க ஆஸ்பத்திரியில் பின்னேரம் நாலு மணி தொடங்கி ஆறு மணி வரைதான் விடுவார்கள். அட்டை வைத்திருப்பவர் எந்த நேரமும் நோயாளர் கிடக்கும் வாட்டுக்குள் போகலாம். எங்களுக்கு அது ஒரு கௌரவம். ஒரு பெண்ணுக்கு மட்டும் அது உண்மையாகவே தேவைப்பட்டது. எனக்குச் சந்திக்கக் கொடுத்த இரண்டு வீடுகளில் ஒன்று அவருடையது.

அவர் இடியப்பம் அவித்து விற்று வாழ்ந்தவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். புருஷன் இறந்து கனகாலம். ஒரே மகளைத் திரியாயில் கட்டிக் கொடுத்திருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். விடிய முன்னம் ஒரு அவியல், பின்னேரம் ஒரு அவியல். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போவார், மதம் சாதி பார்க்காமல். எந்த வீட்டில் சுகமில்லை என்பது எங்கள் வகுப்புக்குத் தெரிய முன்னம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் "இண்டைக்குச் சம்பல் வேண்டாம், சொதி மட்டும் போதும்" என்றால் அங்கே யாருக்கோ காய்ச்சல். இரண்டு நாள் தொடர்ந்து இடியப்பம் குறைந்தால் யாரோ ஆஸ்பத்திரியில். அந்த வீட்டுக்கு அவர் மூன்றாம் நாள் வெறுங்கையோடு போவார். கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்துப் போட்டுவிட்டு வருவார். நாங்கள் ஏழு பேர் கொப்பி வைத்துப் படித்ததை அவர் படியாமலே செய்துகொண்டிருந்தார். இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது அவர் எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வீடு, அவ்வளவுதான்.

மூன்றாம் முறை போனபோது, தேத்தண்ணியைத் தந்துவிட்டு, குசினி வாசலில் நின்றபடி கேட்டார்.

"தம்பி, அந்த அட்டை பொம்பிளையளுக்கும் குடுப்பினமோ?"

"ஓம் அக்கா, அடுத்த வகுப்பில குடுப்பினம். ஏன்?"

"தோப்பூரில இருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை வாட்டில கிடக்குது. தாயும் அதோட கிடக்கிறா. ஊரால வந்து பாக்க ஆக்களில்லை. இப்பிடி எப்பவும் ஆரோ ஒராள் கிடக்கும். நாலு மணிக்கு நான் அடுப்போட நிக்கிறன், எப்பிடிப் போறது? காலமை பத்து மணிக்குப் போனா வாசல்ல விடுறாங்களில்லை. அது அவையின்ர சட்டம், பிழை சொல்ல ஏலாது."

"அப்ப நீங்களும் வகுப்பில சேருங்கோவன். ஒரு பகுதி வாசிச்சுக் காட்டினாச் சரி."

அவர் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி."

நான் நம்பவில்லை. ஞாயிறு தவறாமல் மூன்றாவது வரிசை வாங்கில் இருந்துகொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் பாடுகிறவர். இலக்கம் தெரியும் என்றார். பலகையில் போட்டிருக்கும் இலக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திறப்பார். பாட்டெல்லாம் மனப்பாடம். இருபத்தைந்து வருடமாக ஒரு குருவிக்கும் தெரியாது. "எல்லாரும் புத்தகத்தோட நிக்கேக்க நான் மட்டும் என்னெண்டு வெறுங்கையோட நிக்கிறது?" என்றார். பிறகு, "நீங்கள் எனக்குப் படிப்பிச்சுத் தருவீங்களோ? ஆரிட்டயும் சொல்லாதேங்கோ" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து வருகிற வழியில் அங்கே போவேன். அவர் இடியப்பத் தட்டுகளை அடுக்கி அவிய வைத்துவிட்டு, ஆவி வரும் இடைவெளியில் வந்து இருப்பார். முதலில் பாட்டுப் புத்தகத்தை வைத்துப் படிப்பித்தேன். அது சரிவரவில்லை. முதல் சொல்லைக் காட்டினால் முழுப் பாட்டையும் கடகடவென்று ஒப்புவிப்பார். விரல் வேறொரு வரியில் நிற்கும். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவருக்கு மனப்பாடம் இல்லாத எழுத்தாகத் தேடினோம். சீனி சுற்றி வந்த பேப்பர், நெருப்புப் பெட்டி, மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாள். ஒரு நாள் நான் படியேற முன்னமே ஓடி வந்தார். பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸின் பலகையைத் தானாக வாசித்தாராம்.

"தம்பலகாமம்! அதுக்குள்ள மூண்டு மானா கிடக்குது தம்பி!"

அந்த முகத்தை நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடிவதில்லை. மூன்று மாதத்தில் அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். பெண்கள் வகுப்புத் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சரளமாக்கிவிடலாம் என்று நான் கணித்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் முறை வந்தது. வகுப்பில் இருந்த ஒவ்வொருவரும் போதகர் இல்லாத ஒரு ஞாயிறு ஆராதனையை நடத்த வேண்டும். மற்றவர்கள் பயந்து பயந்து புத்தகத்தில் இருந்ததை வாசித்து முடித்தார்கள். நான் அப்படி விடுவேனா? பொது ஜெபத்தில், அச்சில் உள்ளது முடிந்த பிறகு, நடத்துகிறவர் தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சிறு இடம் உண்டு. அந்த இடத்தை மனதில் வைத்து வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தேன், களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி.

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மழைக்காக ஜெபித்தேன், தம்பலகாமத்து வயல்களுக்காக ஜெபித்தேன், கடலில் நிற்பவர்களுக்காக ஜெபித்தேன். "ஆமென், ஆமென்" என்று முனகல் கேட்டது. ஒத்திகையில் இருந்தது அவ்வளவுதான். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த முனகலின் ருசி என் நாக்கை விடவில்லை.

"விடிய முன்னம் எழுந்து மாக்குழைக்கும் கைகளை நீர் அறிவீர் ஆண்டவரே" என்றேன். "இத்தனை வருடமாக எழுத்து ஒன்றும் அறியாமலே உம்முடைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருந்த கைகள் அவை. இந்த வயதிலே அந்த எளிய சகோதரிக்கு எழுத்தைக் காட்டுகிறீரே, உமக்கு நன்றி. உமது அடியானுடைய சிறு முயற்சியையும் ஆசீர்வதியும்."

பெயர் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். மூன்று கோடு போட்ட விதியை நான் மீறவில்லை. நாற்பது பேர் உள்ள சபையில், இடியப்பம் அவிக்கிற ஒரே ஒரு பெண் மூன்றாவது வாங்கில் இருக்க, நான் பெயர் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. பெயரை விட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்த ஆள் நான் என்பதை வாசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

கூட்டத்தில் பேசுகிறவன் உளறினால் யாராவது இருமுவார்கள். ஜெபத்தை யாரும் நிறுத்த முடியாது. நான் கண்ணைத் திறந்தபோது பல கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. முன் வாங்கில் இருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அக்கா குனிந்த தலையோடு, எல்லாரோடும் சேர்ந்து "ஆமென்" சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் தெரிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த பாட்டுக்கு எழுந்து நின்றபோது புத்தகத்தை மூடி வாங்கில் வைத்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டு, பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார்.

ஆராதனை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நல்ல ஜெபம் தம்பி. கண்ணில தண்ணி வந்திட்டுது" என்றார் ஒருவர். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா, நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

"அப்ப இவ்வளவு காலமும் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சாலும் எங்களுக்குத் தெரிஞ்சிராது, என்ன?"

அன்பாகத்தான் சொன்னார்கள், சிரிப்பும் அன்பான சிரிப்புத்தான். அக்காவும் சிரித்தார். நான் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வழமைபோலப் போனேன். இருக்கச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். தட்டுகளை அடுக்கினார், ஆவி வந்தது, ஆனால் அவர் வந்து இருக்கவில்லை.

"இனிப் படிப்பு வேண்டாம் தம்பி. குறை நினைக்காதேங்கோ. எனக்கு வேலை கூடிப் போச்சு."

"ஏன் அக்கா, இன்னும் ரெண்டு மாதத்தில வகுப்புத் தொடங்குதே. அட்டை வேணுமெண்டு சொன்னனீங்கள்."

"அது வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய உடனே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "நான் பேர் சொல்லேல்லையே அக்கா" என்றேன்.

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, என்னைப் பாராமல் சொன்னார்: "ஓம் தம்பி. நீங்கள் சொல்லேல்ல."

தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன். அரை மணி ஆக முன்னம் எழுந்து வந்தேன். வகுப்பில் படித்த ஒழுங்கெல்லாம் அப்படியே கடைப்பிடித்தேன்.

பெண்கள் வகுப்பு தொடங்கியது. ஐந்து பேர் சபைக்கு முன்னால் நின்று வாசித்தார்கள். அக்கா மூன்றாவது வாங்கில் வெறுங்கையோடு இருந்தார். அவர் சபைக்கு வருவதை நிறுத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நிறுத்தவில்லை. அந்த வாங்கை நான் பாராமல் இருக்கப் பழகிக்கொண்டேன். போதகர் ஒருநாள் என்னைக் கேட்டார், "அவர் ஏன் சேரவில்லை? எல்லாருக்கும் முன்னால் அவர்தான் சேருவார் என்று நினைத்தேன். உமக்குக் கொடுத்த வீடுதானே, ஏதும் சொன்னாரா?"

"வேலை கூடிப்போச்சாம் ஐயா" என்றேன். பொய்யில்லை, அவர் சொன்னதைத்தான் சொன்னேன். அந்த மாதம் போதகர் எனக்கு அட்டையைத் தந்தார். சபை கைதட்டியது. அந்த அட்டையோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டு தரமோ மூன்று தரமோ. காலை பத்து மணிக்கு எனக்கு வேலை இருந்தது.

பத்து வருடத்துக்கு மேல் போனது. போதகர் மாறினார், வகுப்புகள் நின்றன, எனக்குத் தலை நரைத்தது. குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்து அதே ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மனைவி பிள்ளைகளோடு மூதூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்த நேரம். கடல் கொந்தளிப்பில் லோஞ்சு ஓடவில்லை, அவளால் வர முடியவில்லை. சபையில் இருந்தும் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும், வாட்டு உதவியாள் ஒருவர் ஒரு பார்சலைக் கொண்டுவந்து தந்தார். வாழையிலையில் சுற்றிய இடியப்பம், ஒரு போத்தலில் சொதி. சம்பல் இல்லை.

"ஆர் தந்தது?"

"வாசல்ல ஒரு அம்மா. பார்சலில ஆளின்ர பேர் எழுதோணும் எண்டனாங்கள். தனக்கு எழுத்துத் தெரியாதாம். பிறகு நான்தான் எழுதினனான்."

பார்சலின் மேல் என் பெயர் அந்த உதவியாளுடைய கையெழுத்தில் இருந்தது. நான் கிடந்த ஐந்து நாளும் பத்து மணிக்குப் பார்சல் வந்தது. ஐந்து நாளும் அக்கா வாசலோடு திரும்பிப் போனார். என் அட்டை வீட்டில், அலுமாரியில், கலியாணச் சான்றிதழோடு பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடக்கத் தொடங்கியதும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்பது என்ற முடிவோடுதான் போனேன். ஆனால் வெறும் வாயால் கேட்பதை விட ஏதாவது கொடுத்துக் கேட்பது நல்லது என்று என் புத்தி சொன்னது. அவர் இளைத்திருந்தார். குசினி வாசலில் கதிரை போட்டு என்னை இருத்தினார். அட்டையை நீட்டினேன்.

"இதை வைச்சிருங்கோ அக்கா. இதைக் காட்டினா எந்த நேரமும் உள்ளுக்கு விடுவினம்."

கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஆட்காட்டி விரலை முதல் எழுத்தில் வைத்தார். அந்த விரல் மெல்ல நகர்ந்தது. தலைப்பு, அதன் கீழ் என் பெயர், அதன் கீழ் அனுமதி பற்றிய இரண்டு வரி, எல்லாவற்றையும் மெல்லிய குரலில், ஒரு எழுத்தும் விடாமல், என் முன்னால் வாசித்து முடித்தார்.

"இதில உங்கட பேரெல்லோ கிடக்குது தம்பி. நான் கொண்டுபோனா விடுவாங்களோ?" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

"அக்கா, நீங்கள் வாசிக்கிறீங்கள்!"

"வாசிப்பன். பிறகு தனிய இருந்து படிச்சனான். எழுதவும் தெரியும்." அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "மற்ற ஆக்களுக்கு முன்னாலதான் ஏலாது. வாய் திறந்தாலும் பேனை எடுத்தாலும் அண்டைய ஜெபம் காதில கேக்குது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து, வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் போகட்டும் என்று இருந்தேன். அவள் போகவில்லை, பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நின்று கதைக்கத் தொடங்கினாள். நாற்பது பேருக்கு முன்னால் கடவுளோடு சரளமாகப் பேசியவன் நான். அந்த ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்க, "மன்னியுங்கோ அக்கா" என்ற இரண்டு சொல் என் வாயால் வரவில்லை.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரை மணிக்குள் எழுந்து வந்துவிட்டேன்.